வெறும் தரிசு என்று எழுதும் முன்: கட்டுமான இடத்தில் பாதுகாக்கப்பட்ட பூச்சிகள் இருக்கக்கூடுமா என்று பார்க்கும் முறை

நான் எழுதிய முதல் பூச்சி அறிக்கை ஒரே வரிதான். 'தரிசு நிலம், குறிப்பிடத்தக்க பூச்சியினம் எதுவும் இல்லை.' திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர்ப் பக்கம் நாற்பது ஏக்கர் கரிசல். சித்திரை வெயிலில் போனேன். வெடித்த மண், ஓரத்தில் நாலு எருக்கஞ்செடி, நடுவில் சீமைக்கருவேலம். அரை நாளில் சுற்றிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். எல்லைக்கல் விவகாரம் ஒன்றுக்காக அதே இடத்துக்குக் கார்த்திகையில் திரும்பப் போனபோது காலடியெல்லாம் சாம்பல் பச்சையில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. இலையைப் புரட்டினால் கருஞ்சிவப்பில் முள் முள்ளாகப் புழுக்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் கேட்டேன். "அது ஆடுதின்னாப்பாளைல்லா எய்யா. மழ பெஞ்சா மொளைக்கும், வெயிலடிச்சா போயிரும்" என்றார். சித்திரையில் நான் பார்த்தது அந்த நிலத்தின் தூக்கத்தை மட்டும்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதே தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருப்பவர்கள், லேஅவுட் போடுகிறவர்கள், தங்கள் ஊர் நிலத்தில் என்ன வரப்போகிறது என்று கவலைப்படுகிறவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாம் தேடும் விடை 'இருக்கிறதா' என்பதற்கு அல்ல, 'இருக்கக்கூடுமா' என்பதற்கு. பூச்சி கண்ணில் பட்டால் இருக்கிறது என்று எழுதிவிடலாம். படாவிட்டால் இல்லை என்று எழுத முடியாது. அதற்கு வேண்டிய செடி, மண், ஈரம், ஒதுங்க இடம் ஆகியவை அங்கே உண்டா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் எந்தப் பூச்சி?

நம்மிடம் உள்ளது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். 2022-இல் பெரிய திருத்தம் செய்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எந்தெந்த உயிரினத்துக்குச் சட்டம் பொருந்தும் என்று பட்டியலிடும் ஆறு அட்டவணைகள் நாலாகிவிட்டன. இப்போது முதல் இரண்டும் பிராணிகளுக்கு, மூன்றாவது செடிகளுக்கு, நாலாவது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் (CITES) வரும் இனங்களுக்கு.

இதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். பழைய அறிக்கைகளைப் பார்த்து எழுதும் பழக்கம் நம் தொழிலில் அதிகம். அரளியில் முட்டையிடும் காமன் குரோ பட்டாம்பூச்சி ஊரெங்கும் பறக்கும். பழைய சட்டத்தில் அது நாலாம் அட்டவணையில் இருந்தது. அதை அப்படியே எடுத்து இன்றைய அறிக்கையில் 'நாலாம் அட்டவணை' என்று போட்டால் பொருளே மாறிவிடும். ஆகவே பழைய அறிக்கையை மூடிவைத்துவிட்டு, திருத்தப்பட்ட அட்டவணையைத் திறந்து, அறிவியல் பெயரை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அறிவியல் பெயர்களும் காலப்போக்கில் மாறியிருக்கும். பழைய பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். பட்டியலில் சில பெயர்கள் இமயமலையிலோ அந்தமானிலோ மட்டும் வாழும் துணையினத்துக்கு உரியவை. நம் ஊரில் பறப்பது அதே இனமாக இருந்தாலும் துணையினம் வேறாக இருக்கலாம். அறிவியல் பெயரில் துணையினத்தைக் குறிக்கும் மூன்றாவது சொல்லையும் படிக்காமல் விடாதீர்கள்.

நடைமுறையில் நெல்லைச் சீமையின் சமவெளியில் இந்தக் கேள்வி பெரும்பாலும் பட்டாம்பூச்சியில் வந்துதான் நிற்கும். பழைய சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்த தட்டான் ஒன்றே ஒன்று, அதுவும் இமயமலைக்காரர். பட்டாம்பூச்சிகளில் கிரிம்சன் ரோஸும் டனெய்ட் எக்ஃப்ளையும் முதல் அட்டவணையில் இருந்தவை. அவரைச் செடியில் சாதாரணமாகச் சுற்றும் பீ ப்ளூ இரண்டாவதில் இருந்தது. சட்டப் பாதுகாப்பு வேறு, அரிதாக இருப்பது வேறு என்பதை இந்த ஒரு பூச்சியே சொல்லிவிடும்.

இன்னொன்று. பட்டியலில் உள்ள பிராணியைப் பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். ஆராய்ச்சிக்குப் பிடிக்க வேண்டுமென்றாலும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வலையை வீட்டில் வைத்துவிட்டு கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். புழுவை டப்பாவில் போட்டு வீட்டில் வளர்த்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

எந்தத் திட்டத்துக்கு இந்த மதிப்பீடு கட்டாயம்? 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி, கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான முதல் படிவத்திலேயே, பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் இனப்பெருக்கம் செய்ய, இரைதேட, தங்க, வலசை போகப் பயன்படுத்தும் இடம் அருகில் உண்டா என்று கேட்டிருப்பார்கள். பலர் அங்கே 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். சூரிய ஒளி மின் திட்டங்கள் அந்த அறிவிக்கையின் வளையத்துக்குள் வருவதில்லை. ஆனால் வனவிலங்குச் சட்டம் எல்லோருக்கும் உண்டு. நம் மாவட்டத்தில் கரிசலையும் செம்மண்ணையும் அதிகமாக விழுங்குவது அந்தப் பலகைகள்தான் என்பதால், கட்டாயம் இல்லாவிட்டாலும் செய்யச் சொல்லி உரிமையாளரிடம் பேசிப் பார்ப்பேன். சிலர் கேட்கிறார்கள்.

மேசையில் செய்ய வேண்டியது

இடத்துக்குப் போகும் முன் ஒரு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சர்வே எண்களையும் புல எல்லைப் படத்தையும் வாங்குங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் எது நஞ்சை, எது புஞ்சை, எது ஓடைப் புறம்போக்கு என்று பாருங்கள். உரிமையாளர் 'எல்லாம் காடுதான் சார்' என்று சொல்லும் இடத்துக்குள் ஒரு ஓடை ஒளிந்திருக்கும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை நகர்த்திப் பாருங்கள். மழைக்குப் பின் எடுத்த படமும் கோடைப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிலம் எங்கே பச்சை பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். நான் நடக்க வேண்டிய பாதையை அந்தப் பச்சையை வைத்துத்தான் போடுகிறேன்.

அருகே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கங்கைகொண்டானில் 2013-இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தெற்கே கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து எழுதிவையுங்கள்.

பிறகு பழைய பதிவுகள். பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டிலும் சுற்றுவட்டாரத்தைத் தேடுங்கள். அருகிய இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டும். புள்ளி உங்கள் நிலத்துக்குள் விழுந்ததென்று துள்ளவும் வேண்டாம், வெளியே விழுந்ததென்று நிம்மதி அடையவும் வேண்டாம். பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் பக்கம் படங்கள் குவிந்திருக்கும். கயத்தாறு ரோட்டில் ஒன்றும் இருக்காது. அங்கே யாரும் கேமராவோடு போகவில்லை என்பதே காரணம். பஞ்சாயத்தில் மக்கள் பல்லுயிர் பதிவேடு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

செடியைப் படிப்பது

என்னைக் கேட்டால் வேலையின் முக்கால்வாசி இதுதான். பட்டாம்பூச்சி பறந்துவிடும், செடி ஓடாது. ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அதன் புழு தின்னும் செடிகள் குறிப்பிட்ட சிலதான். அந்தச் செடி இல்லாத இடத்தில் அது வழிப்போக்கர்; செடி இருந்தால் குடித்தனக்காரராக இருக்க வாய்ப்புண்டு.

கிரிம்சன் ரோஸுக்கு வேண்டியது ஆடுதின்னாப்பாளை அல்லது ஈஸ்வரமூலி. ஆடுதின்னாப்பாளை கரிசலில் தரையோடு படரும். இலை அவரைவிதை போல வளைந்து, சாம்பல் பூசிய பச்சையில் இருக்கும். கசக்கினால் முகம் சுளிக்க வைக்கும் நாற்றம். பூ கருஞ்சிவப்பில் குழல் மாதிரி இருக்கும். உழாமல் விட்ட வரப்பு, பருத்திக் காட்டின் ஓரம், வண்டிப்பாதை மேடு ஆகிய இடங்களில் தேடுங்கள். ஈஸ்வரமூலி வேலியில் ஏறும் கொடி. பழைய முள்வேலி உள்ள தோட்டங்களில் ஒதுங்கிக் கிடக்கும். இடத்தைச் 'சுத்தம்' செய்ய வரும் மண் அள்ளும் இயந்திரம் முதலில் எடுப்பது அந்த வேலியைத்தான்.

டனெய்ட் எக்ஃப்ளைக்குப் பருப்புக்கீரை முக்கியமான செடி. நம் வீட்டுக் கூட்டுக்குப் பறிக்கும் அதே கீரைதான். ஈரம் காயாத வாய்க்கால் ஓரம், பம்பு செட் தொட்டியைச் சுற்றி, குளத்துக் கரையடி ஆகிய இடங்களில் பாருங்கள். பீ ப்ளூவுக்கு அவரைக் குடும்பத்துச் செடிகளின் பூவும் காயும் போதும். பயறு விதைத்த மானாவாரிக் காட்டில் அது இல்லாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

மண்ணை வைத்தே பாதி யூகிக்கலாம். மானூர், கங்கைகொண்டான் கரிசலுக்கு ஒரு செடிக்கூட்டம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து செம்மண்ணுக்கும் தேரி என்ற சிவப்பு மணல் மேட்டுக்கும் உடைமரமும் பனையுமாக இன்னொன்று. தாமிரபரணிப் பாசன வயலுக்கு வேறொன்று. ஒரே சர்வே எண்ணுக்குள் இரண்டு மண் இருந்தால் இரண்டு இடமாகவே நடத்துங்கள்.

அம்பை, பாபநாசம், களக்காடு அடிவாரத்தில் ரிசார்ட் கட்ட இடம் காட்டினால் கதையே வேறு. தீபகற்ப இந்தியாவில் மட்டும் வாழும் சதர்ன் பேர்ட்விங் பட்டாம்பூச்சி அங்கே இறங்கி வரலாம். அதன் புழுவுக்கும் ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடிகள்தான் உணவு. பேர்ட்விங்குகள் எல்லாமே பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் உள்ளவை. காட்டோரத்து இடத்தைப் புதியவர் தனியாக மதிப்பிடக்கூடாது. பட்டாம்பூச்சியில் பல வருடம் பழகிய ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

எப்போது நடப்பது, எப்படி நடப்பது

வாடிக்கையாளர் மே மாதம் கூப்பிடுவார், ஜூனில் அறிக்கை கேட்பார். இது எழுதப்படாத விதி. நெல்லைச் சமவெளிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு மூன்று வாரம் கழிந்ததிலிருந்து தை வரை உள்ள காலம்தான் சரியான காலம்; பிசானப் பயிர் (மழைக்கால நெல்) பச்சை கட்டி நிற்கும் நாட்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்களையே தள்ளும், பட்டாம்பூச்சி எங்கே பறக்கும்? தென்காசி, குற்றாலப் பக்கம் மட்டும் அந்த மாதங்களில் சாரலால் பச்சையாக இருக்கும்.

கோடையில்தான் போக முடியும் என்றால் போங்கள். ஆனால் அறிக்கையில் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். காய்ந்த நிலத்திலும் ஆடுதின்னாப்பாளையின் வேர் மண்ணுக்குள் இருக்கும். வரப்பில் காய்ந்த கொடியும், குடை கவிழ்த்தது மாதிரி வெடித்த காயும் கிடைத்தால் அதுவே சாட்சி.

நடக்கும் முறைக்கு உலகெங்கும் பயன்படுத்தும் ஒரு வழி உண்டு. நேர்கோட்டில் மெதுவாக நடந்து, இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் வரை கண்ணில் படுவதை மட்டும் எண்ண வேண்டும். 1970-களில் இங்கிலாந்தில் எர்னஸ்ட் போலார்டு உருவாக்கியது. அங்கே நடுப்பகல் வெயிலுக்குக் காத்திருப்பார்கள். நமக்கு நடுப்பகலில் பட்டாம்பூச்சியும் நிழலுக்குப் போய்விடும், நாமும் போய்விடுவோம். காலை எட்டரையிலிருந்து பதினொன்று, பிறகு மூன்றரைக்கு மேல். மண் வகைக்கு ஒரு கோடு, ஓடைக்கரைக்கு ஒன்று, வேலிக்கு ஒன்று என்று போட்டால் போதும். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவையாவது நடக்க வேண்டும். ஒரு தடவை அந்தி வரை இருங்கள். கிரிம்சன் ரோஸ் மாலையில் கூட்டமாகக் குச்சிகளில் தங்கும். பகல் முழுக்கக் கிடைக்காதது அந்த அரை மணியில் கிடைக்கும்.

கோட்டு நடை முடிந்ததும் குனிந்து இலை புரட்டுங்கள். பறப்பதைப் பத்து பார்ப்பதைவிட ஒரு புழு பெரிய சான்று. ஏனென்றால் அது அங்கேயே பிறந்தது.

ஆள் மாறாட்டம்

கிரிம்சன் ரோஸுக்கு உடல் சிவப்பு, முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில் சிவப்புப் பொட்டுகள். காமன் மோர்மன் பெண்ணில் ஒரு வகை அச்சு அசலாக இதே சேலையைக் கட்டிக்கொண்டு வரும். உடலைப் பாருங்கள், கறுப்பாக இருந்தால் மோர்மன். பறவை தின்னாமல் விடும் நஞ்சுப் பூச்சியின் வேஷத்தைப் போட்டுத் தப்பிக்கும் தந்திரம் இது. புழுக்களிலும் குழப்பம் உண்டு. ஆடுதின்னாப்பாளையில் காமன் ரோஸ் புழுவும் இருக்கும். அதற்கு உடலின் நடுவில் வெள்ளைப் பட்டை ஓடும். கிரிம்சன் ரோஸ் புழுவுக்கு இல்லை.

டனெய்ட் எக்ஃப்ளையில் ஆண் கறுப்பு, இறக்கைகளில் ஊதா மினுமினுக்கும் வெள்ளைப் பொட்டுகள். பெண்ணோ எருக்கில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியைப் பார்த்து வேஷம் போட்டவர். வெந்தய வரியனின் பின் இறக்கை நடுவில் சில கறுப்புப் புள்ளிகள் இருக்கும். எக்ஃப்ளை பெண்ணுக்கு அந்த இறக்கையின் மேல் விளிம்புப் பக்கம் ஒரே ஒரு கறுப்புப் பொட்டுதான். இறக்கையை விரித்த படமும் மூடிய படமும் எடுக்காமல் பெயர் எழுதாதீர்கள். 'வெந்தய வரியன் முப்பது' என்று எண்ணிவிட்டு வந்து, படத்தைப் பெரிதாக்கியபோது இரண்டு வேஷக்காரர்களைக் கண்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஊராரிடம் கேட்பது

மேய்ப்பவர்கள், நாட்டு வைத்தியம் தெரிந்தவர்கள், களை எடுக்கும் பெண்கள். இந்த மூன்று பேரையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஆனால் 'இங்க பூச்சி உண்டுமா?' என்று கேட்டுவிடாதீர்கள். ராத்திரியில் பாம்பைப் பேர் சொல்லாமல் பூச்சி என்பவர்கள் நம்மவர்கள். எனக்கு ஒரு பெரியவர் கால் மணி நேரம் கண்ணாடிவிரியனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் வண்ணத்துப்பூச்சி என்று நினைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். செடியின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். 'ஆடுதின்னாப்பாளை எந்தப் பக்கம் கெடைக்கும்?' என்றால் கை நீட்டிக் காட்டுவார்கள். அப்புறம் போனில் புழுப் படத்தைக் காட்டுங்கள்.

தீர்ப்பு எழுதுவது

நான் மூன்றே சொற்களைப் பயன்படுத்துகிறேன். புழுவோ முட்டையோ, முட்டையிடும் தாயோ கண்ணில் பட்டால் 'வாழ்கிறது'. பூச்சியைக் காணவில்லை, ஆனால் செடி போதுமான அளவு இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பதிவும் உண்டு என்றால் 'வாழக்கூடும்'. செடியும் இல்லை, ஏற்ற மண்ணும் ஈரமும் இல்லை, சரியான பருவத்தில் மூன்று தடவை நடந்தும் படவில்லை என்றால் 'வாய்ப்புக் குறைவு'. 'இல்லை' என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. எந்த நாள், எத்தனை மணி, வெயிலா மேகமா, மழை பெய்து எத்தனை நாள் ஆனது, யார் நடந்தார்கள் என்பதைக் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். செடி இருக்கும் திட்டுகளைப் புல எல்லைப் படத்தின் மேல் பச்சை மையால் குறித்து இணைத்துவிடுங்கள். பொறியாளர் நம் பத்திகளைப் படிக்கமாட்டார், படத்தைப் பார்ப்பார்.

கோடையில் மட்டும் பார்த்த இடமென்றால் 'வாழக்கூடும். மழைக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்' என்பதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள். வாக்கியத்தை மாற்றச் சொல்லிப் போன் வரும். என்னிடம் ஒருவர் 'மே பீ என்பதை எடுத்துட்டா முடிஞ்சிரும் சார்' என்றார். எடுக்கவில்லை; அந்த வேலைக்குப் பாதிப் பணம்தான் வந்தது.

இருக்கிறதென்று தெரிந்தால்

திட்டம் நின்றுவிடும் என்று உரிமையாளர் பயப்படுவார். சமவெளியில் பெரும்பாலும் அப்படி நிற்பதில்லை. செடித் திட்டுகள் ஓடைக்கரையிலும் எல்லை வேலியிலும்தான் அதிகம் இருக்கும். எப்படியும் கட்ட முடியாத அந்த ஓரங்களை அப்படியே விடச் சொல்லுங்கள். லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கும் நிலத்தை, செடி இருக்கும் மூலைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். கொரியன் புல்லும் குரோட்டன்ஸும் நட்ட பூங்கா பட்டாம்பூச்சிக்குப் பாலைவனம்தான். புதர் வெட்டுவதைக் கோடையில், புழுக்கள் இல்லாத நாட்களில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் வேரோடு தோண்டாமல் மேலாக வெட்டினால் அடுத்த மழையில் துளிர்க்கும். களைக்கொல்லி அந்த ஓரங்களில் வேண்டவே வேண்டாம். புழுக்களைப் பொறுக்கி வேறு இடத்தில் விடலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம், போன இடத்தில் தின்னச் செடி இல்லாவிட்டால் பட்டினிதான். செடி நட்டு, அது பிடித்த பிறகு, தாய்ப் பூச்சி தானே தேடி வரட்டும். ஈஸ்வரமூலியை வேலியில் ஏற்றிவிட்டால் வரும்.

உங்கள் அறிக்கைக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் போய்விட்டால், இயந்திரம் இறங்கும் முன் ஒரு காலைப் பொழுது மறுபடி போய் அதே கோடுகளில் நடந்துவிட்டு வாருங்கள்.